வயிறு நிறைந்து வந்த சூசையப்பர்

நெய்வேலி, வட்டம் 18,
22.3.2001

வணக்கத்திற்குரிய சகோதரி சோபியா அவர்களின் திருச்சமூகத்திற்கு,

தகப்பனார் அருள்நாதன் எழுதிக்கொள்வது. சர்வேசுரனுக்குத் தோத்திரம். இங்கு நானும் தங்கள் தாயார் சகாயமேரியும் நலம். அங்கு தாங்களும், மடத்துச் சகோதரிகளும், தாங்கள் பராமரிக்கும் வயதான இத்தாலிய அம்மாமார்களும் நலமாயிருக்க மன்றாடுகிறோம். பெற்ற மகளுக்கு ஆசீர்வாதம் சொல்லி ஆரம்பிப்பதா, கன்னியாஸ்திரியிடம் ஆசீர்வாதம் கேட்டு ஆரம்பிப்பதா என்று நீ இத்தாலி போன நாளிலிருந்து எனக்குக் குழப்பம். உன் அம்மா, "ரெண்டையும் போட்டுடுங்க, எது செல்லுதோ அத அவங்க எடுத்துக்கட்டும்" என்கிறாள். ஆகவே ரெண்டும்.

நிற்க. இந்தக் கடிதம் ஒரு தீர்ப்புக் கேட்டு எழுதப்படுவது. சூசையப்பருக்குச் செய்த நேர்ச்சையில், பாதி வழியில் சூசையப்பரும் மாதாவும் ஆள் மாறிவிட்டால் அந்த நேர்ச்சை செல்லுமா, செல்லாதா? குழந்தை இயேசு மட்டும் மாறவில்லை. நம் பங்குச் சாமியாரைக் கேட்கலாமென்றால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும், அவர் சிரித்துவிடுவார், அம்மா அப்புறம் பூசைக்கே போகமாட்டாள். இதை ஆரம்பித்து வைத்தது நீ. நீயே முடித்து வை.

ஜனவரியில் நான் எழுதியது உனக்கு நினைவிருக்கும். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தேன். எனக்குக் கேரியர் கட்டிக் கொடுத்துவிட்டு, மத்தியானம் அடுப்படியில் நின்றபடியே டீயில் ஒரு பன்னைத் தொட்டுத் தின்றுவிட்டு அதற்குச் சாப்பாடு என்று பேர் வைத்திருந்தாள். சர்க்கரை மாத்திரை போடுகிறவள். காரணம் ஊருக்கே தெரியும். நான் மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்குப் பின்னாலேயே ஓடியவன். ஒரு வாரம் விடியுமுன் கிளம்புவேன், ஒரு வாரம் பகலெல்லாம் தூங்குவேன். எனக்கும் உன் அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் பசித்ததே கிடையாது. அவளுக்குச் சாப்பாட்டுத் துணை நானில்லை, பக்கத்து வீட்டு வேணுவின் மனைவி கனகம்தான். பின்பக்கச் சுவரில் செங்கல் பெயர்ந்த சந்தில் கிண்ணம் போகும், கிண்ணம் வரும். கடைசியில் கிண்ணம் எதுக்கு என்று கனகமே தட்டோடு வந்து நம் அடுப்படியில் உட்கார்ந்துவிடும். நீ சோறு தின்னப் பழகியதே அந்த ரெண்டு தட்டுக்கு நடுவில்தான்.

நீ இத்தாலிக்குப் புறப்பட்ட அன்று கனகம் ஒரு தூக்கு நிறைய அதிரசம் சுட்டுக் கொடுத்தாள். உன்னை மெட்ராஸில் விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்த அம்மா, அந்தத் தூக்கைக் கழுவி, வெறுமனே திருப்பிக் கொடுத்துவிட்டாள். பலகாரம் வந்த பாத்திரத்தை யாராவது வெறுமனே திருப்புவார்களா? ஒரு பிடி சர்க்கரை, நாலு முருங்கைக்காய், எதையாவது போட்டிருக்கலாம். வீட்டில் எல்லாம் இருந்தது. அவள் மனசில்தான் அன்றைக்கு ஒன்றுமே இல்லை. அது கனகத்துக்கு எப்படித் தெரியும்? "வெறுந்தூக்கக் குடுத்தனுப்பிட்டாளே, நாம என்னா அவ்ளோ வேண்டாதவங்களா ஆயிட்டமா" என்று குழாயடியில் யாரிடமோ சொல்ல, அது வட்டம் முழுக்கச் சுற்றி, நாலு கையும் காலும் முளைத்து அம்மா காதுக்கு வர, அன்றைக்குத் தாழ் போட்ட பின்கதவுதான். மாசக் கடைசியில் நான் ரிட்டையர்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு குள்ளஞ்சாவடி வீட்டுக்குப் போகிறோம். இந்த ரெண்டு பேரும் பேசாமலே பிரிந்துவிட்டால் அப்புறம் பேச்சும் இல்லை, அம்மா சாப்பிடப் போவதும் இல்லை என்ற பயத்தில்தான் உனக்கு எழுதினேன்.

நீ என்ன செய்திருக்க வேண்டும்? "அம்மா, ஒழுங்கா சாப்பிடு" என்று ஒரு வரி போட்டிருக்க வேண்டும். நீயோ பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிவிட்டாய். உங்கள் இல்லத்தில் ரொசாலியா அம்மாள் தனியாகத் தட்டு வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், பக்கத்து நாற்காலியில் ஆள் உட்கார்ந்தால்தான் கரண்டியைத் தொடுவாள் என்று எழுதினாய். அதோடு விட்டாயா? அந்த சிசிலித் தீவில் சூசையப்பர் திருநாளன்று வீட்டில் பெரிய மேசை போடுவார்களாம். ஏழைப்பட்ட ஒரு பெரியவர், ஒரு பெண், ஒரு குழந்தை, இவர்களைத் திருக்குடும்பமாக உட்கார வைத்துப் பரிமாறுவார்களாம். தவக்காலமாதலால் கறி கிடையாது, மொச்சை மாதிரி ஒரு பயறும் மத்தி மீனும் ரொட்டித் தூள் தூவிய ஸ்பகெட்டியும்தானாம். அதற்கு முன்னால் அந்த மூணு பேரும் தெருவில் ரெண்டு கதவைத் தட்டுவார்களாம், ரெண்டு வீட்டிலும் "இடமில்லை, போ" என்று விரட்டுவார்களாம், மூன்றாவது கதவுதான் "இடம் இருக்கு, வாங்க" என்று திறக்குமாம். படித்து முடித்த அம்மா கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சிஸ்டர் சொல்லிட்டாங்க" என்றாள். பத்து மாசம் சுமந்து பெற்றதைத்தான் இப்படி 'ங்க' போட்டுப் பேசுகிறாள். அடுத்த நிமிஷம் சூசையப்பர் படத்துக்கு முன்னால் நின்று சபதம்: "திருநாளன்னிக்கு மூணு பேரும் என் மேசையில சாப்பிட்டு, ஒருத்தராவது இன்னும் கொஞ்சம் வைங்கன்னு கேட்ட பெறகுதான் என் வாயில சோறு." எனக்குத் திக்கென்றது. சாப்பிடாதவளைச் சாப்பிட வைக்கச் சொன்னால், நீ அவளுக்கு உபவாசத்துக்கு வழி காட்டிவிட்டாய்.

சூசையப்பராக வர நம் இஸ்திரி போடும் பெரியவர் தனகோடி ஒத்துக்கொண்டார். மேசைக்கும் அவரே வழி செய்தார். நம்மிடம் அவ்வளவு பெரிய மேசை ஏது, அவருடைய இஸ்திரிப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து ரெண்டு ஸ்டூல் மேல் போட்டார். சூசையப்பர் தச்சராயிற்றே, பலகை பொருத்தம்தான். மாதாவாகக் கீரை விற்கும் சாமியம்மாள். "நான் திங்கக்கெழம சிவனுக்கு விரதம்க்கா, கவுச்சி தொடமாட்டன், பரவால்லியா?" என்று கேட்டாள். நீ எழுதிய மத்தி மீனை அம்மா அந்த நிமிஷமே தள்ளுபடி செய்துவிட்டாள். குழந்தை இயேசுவுக்குப் பையன் யாரும் அகப்படவில்லை. சாமியம்மாளின் பேத்தி பாப்பாதான், ரெட்டை ஜடையோடு.

ஸ்பகெட்டி என்கிற சாமான், நீ எழுதியதை வைத்துப் பார்த்தால், நம் சேமியாவுக்குப் பெரியப்பா. மந்தாரக்குப்பம் கடையில் கேட்டதற்கு வளைந்த மக்ரோனியைக் கொடுத்தார்கள். "சிஸ்டர் நீளமா இருக்கும்னுல்ல எழுதியிருக்காங்க" என்று அம்மா திருப்பி அனுப்பினாள். கடைசியில் கோதுமை மாவையும் ரவையையும் கெட்டியாகப் பிசைந்து, இடியாப்ப நாழியில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டாள். மைன்ஸில் பெல்ட் அறுந்து விழுந்தபோதுகூட எனக்கு இப்படி மூச்சு வாங்கியதில்லை. பிழிந்ததை என் எட்டு முழ வேட்டியில் பரப்பிக் கட்டிலில் காயப் போட்டால், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியிலிருந்து பொசுபொசுவென்று சாம்பல் இறங்குகிறது. "தச்சுப்பட்டறை மரத்தூளுக்கு அடையாளமாத்தானே ரொட்டித் தூள்? இதுவே இருக்கட்டுமே" என்றேன். அம்மா பார்த்த பார்வையில் கட்டிலை நானே உள்ளே தூக்கிப் போட்டேன். அவள் ரஸ்க் வாங்கி உரலில் இடித்தாள். மொச்சையை ஊறவைத்துத் தக்காளி போட்டுக் குழம்பு வைத்தாள். சிஸ்டர் புளி எழுதவில்லையே என்று ஒரு ராத்திரி யோசித்துவிட்டு, காலையில் புளியும் கரைத்து ஊற்றிவிட்டாள்.

அடுத்தது கதவு. நம் வரிசையில் நமக்கு முன்னால் ரெண்டே வீடு. முதலாவது திருநெல்வேலி மாடசாமி வீடு, ரெண்டாவது கனகம் வீடு. வேறு வழியில்லை. அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "நல்லதாப் போச்சு. அவ நல்லாவே வெரட்டுவா" என்றாள். வேணுவிடம் நான் ஷிஃப்ட் பஸ்ஸில் சொன்னேன். பெண்கள் பேசாவிட்டாலும் நாங்கள் பஸ்ஸில் பேசிக்கொள்வோம். பஸ் வட்டத்துக்குள் திரும்பியதும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கினு இறங்குவோம். சபதம் உட்பட எல்லாவற்றையும் விளக்கி, கனகம் 'இடமில்லை, போ' என்று சொன்னால் போதும் என்றேன். வேணு சொன்னார், "அதுக்கு எங்க வூட்ல ரிகர்சலே வேணாம்ங்க. நான் லேட்டா வந்தா தெனம் நடக்கறதுதான்."

திங்கட்கிழமை காலைப் பூசை பார்த்துவிட்டு வந்தோம். அம்மா முந்தின ராத்திரியே ஒன்றும் சாப்பிடவில்லை. பலகையில் வெள்ளைத்துணி, மெழுகுவர்த்தி, மூணு புதுத் தட்டு. மத்தியானம் திருக்குடும்பம் புறப்பட்டது. முதல் கதவில் மாடசாமி வீட்டம்மா மனப்பாடம் செய்து வைத்திருந்ததைக் கணீரென்று சொன்னாள்: "இங்க இடமில்ல, போங்க!" சொல்லிவிட்டுப் பாப்பாவைப் பார்த்தாள். "ஐயோ, புள்ள மொகம் வாடிப்போச்சே. இரி தாயி, ஒரு வாய் மோராவது குடிச்சிட்டுப் போ." மோரோடு முறுக்கும் வந்தது. சரி, மோர்தானே, என்று நான் நம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றேன். தட்டியதும் "யாரது?" என்று கேட்டுத் திறக்க வேண்டியது என் பொறுப்பு. நின்றேன். அம்மா தட்டுகளை நேராக வைத்தாள், மறுபடி நேராக வைத்தாள். மெழுகுவர்த்தி பாதியாகிவிட்டது. கதவை யாரும் தட்டுகிற வழியாகத் தெரியவில்லை.

வாசல் வழியாக வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்ச் சுவர்ச் சந்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். திறந்திருந்த பின்கதவு வழியாகத் தெரிந்த கனகம் வீட்டுக் கூடத்தில் மூணு வாழையிலை. சாம்பார், கூட்டு, அப்பளம், வடை, பாயசம். கனகம் கையில் கரண்டி. "இன்னும் ரெண்டு வடை வச்சிக்குங்க பெரியவரே. சாமி வேஷம் போட்டுகினு அரைவயிறா போவலாமா?" தனகோடி, "போதும்மா, அடுத்த வூட்லயும் சாப்பிடணும்" என்கிறார். "அங்க என்னா அவுசரம், அது எங்க ஓடிப் போவுது" என்று கனகம் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றுகிறாள். சோபியா, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விரட்டச் சொல்லி அனுப்பியும், பேச்சுவார்த்தை இல்லாத வீட்டின் ஆட்கள் என்று தெரிந்தும், வாசலில் வந்து நின்றவரைப் போ என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு வாய் வரவில்லையே! உங்கள் சிசிலிக்காரர்கள் வேண்டுமானால் நாடகத்துக்காவது விரட்டிவிடுவார்கள். கனகத்தின் மனசுக்கு அது முடியாது என்று நினைத்து நினைத்து உருகிப்போய் நின்றேன்.

உருகி என்ன பயன்? ஒருவழியாக நம் கதவு தட்டப்பட்டது. "யாரது?" என்றேன். பதிலுக்குச் சூசையப்பரின் ஏப்பம் வந்தது. "இடம் இருக்கு, வாங்க" என்று திறந்தேன். நம்மிடம் இடம் இருந்தது, அவர்கள் வயிற்றில்தான் இல்லை. அம்மா ஆசையாகப் பரிமாறினாள். தனகோடி ஒரே ஒரு இழையை எடுத்து வாயில் போட்டு, மென்று, மென்றுகொண்டே இருந்தார். "கோவிச்சிக்காதம்மா. இதுக்கு மேல போட்டா இஸ்திரிக்குக் குனிய முடியாது." சாமியம்மாள், "பாயாசம் தொண்ட வரைக்கும் நிக்குதுக்கா" என்று அழுதேவிட்டாள். குழந்தை இயேசு பலகை ஓரத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டது. அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். "என் கையால வச்சா யாருக்கும் எறங்க மாட்டேங்குது பாத்தீங்களா" என்று சொல்லி, அடுப்படியில் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வயிறு காலி. மாத்திரையும் போடவில்லை. ஒரு வாய் சாப்பிடு என்றால், நேர்ச்சை நேர்ச்சைதான் என்கிறாள். மாதாவும் சூசையப்பரும் வாசலில் வேப்பமரத்தடியில் குற்றவாளிகள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். உனக்குப் போன் போடலாமென்றால் உங்கள் ஊரில் அப்போது என்ன மணி என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே பயந்துபோனேன்.

அந்த நேரம் பார்த்து ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ் வந்தது. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் வேணுவின் குரல்.

"சோறு எங்க?"

"தீந்துபோச்சு."

"ஒரு சட்டி சோறு எப்படித் தீரும்?"

"சாமிங்க சாப்ட்டுகினு போயிடிச்சி."

"எந்த சாமி?"

"பக்கத்து வூட்டு சாமி."

அப்புறம் வேணு கொஞ்சம் இறங்கிய குரலில், "அப்ப நீ?" என்றார். "நானுந்தான் இன்னும் சாப்பிடல" என்றாள் கனகம்.

அம்மா தலையைத் தூக்கினாள். "வேல முடிச்சி வந்த ஆளு பசியோட நிக்கறாரே" என்று முனகிக்கொண்டே சுவரைப் பிடித்து எழுந்தாள். பின்கதவுத் தாழ்ப்பாள் துருப்பிடித்து வரமாட்டேன் என்றது. நான் தேங்காயெண்ணெய் விட்டு, சுத்தியால் தட்டி, ஒருவழியாகப் பெயர்த்தேன். அம்மா சுவர்ச் சந்துக்கு அருகில் போய், "கனகம்" என்றாள். அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. "என்னா?" என்று வந்தது பதில். "இங்க இடம் இருக்கு. அவரக் கூட்டிகினு வா." "எனக்குமா?" "ஒனக்குத் தனியா வேற சொல்லணுமா?"

வேணு மைன்ஸ் தூசியோடு, கையில் ஹெல்மெட்டோடு வந்தார். பின்னாலேயே கனகம், யார் முகத்தையும் பார்க்காமல். தட்டுச் சத்தத்தில் பாப்பா விழித்துக்கொண்டு, "எனக்கு?" என்றது. குழந்தை வயிறு, தூங்கி எழுந்தால் மறுபடி புதுசு. ஆக மேசையில் ஒரு பெரியவர், ஒரு பெண், ஒரு குழந்தை. நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கனகம் முதல் வாய் சாப்பிட்டுவிட்டு, "இடியாப்பம் வெறப்பா ஆன மாதிரி கீது. ஆனா நல்லாத்தான் கீது" என்றாள். வேணு மொச்சைக் குழம்பை ஊற்றிப் பிசைந்து வழித்துவிட்டு, தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் வைங்க" என்றார். அந்த மனுஷன் வாயில் நான் சர்க்கரை போட்டிருப்பேன். கனகம் அம்மாவின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். வாசலில் இருந்த ரெண்டு பேரையும் கூப்பிட்டு, சும்மாவாவது உட்காருங்கள் என்று உட்கார வைத்தோம். எல்லாரும் உட்கார்ந்துவிட்டதால் பரிமாற ஆள் இல்லை. நான் பரிமாறினேன். எடுத்துப் போடத் தெரியாமல் முதல் வீச்சில் பாதிச் சட்டி வேணு மடியில். உன் அம்மா சாப்பிட்டாள், சோபியா. ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள், மாத்திரை போட்டாள், கனகத்தின் தட்டிலிருந்து எடுத்தும் சாப்பிட்டாள். எனக்கு அதைப் பார்த்துக்கினு நிற்பதே போதுமாக இருந்தது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். அழைத்த சூசையப்பர் சாப்பிடவில்லை, சாப்பிட்டவர் அழைத்த சூசையப்பர் இல்லை. நேர்ச்சை செல்லுமா? என் எளிய அபிப்பிராயம், ஒரு நல்ல மனசு விரட்ட மறுத்ததால் நடந்த மாற்றம் இது, கடவுளுக்கே சம்மதமாயிருக்கும் என்பது. உன் பெரிய சிஸ்டரையும் ஒரு வார்த்தை கேட்டு எழுது. ரொசாலியா அம்மாளுக்கு எங்கள் வணக்கம். அவள் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கக் கூடாது, நீயும் தனியாகச் சாப்பிடாதே. மகள் என்ற முறையில் உனக்கு எங்கள் ஆசீர்வாதம். சிஸ்டர் என்ற முறையில் எங்களுக்குத் தங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஜெப உதவி கேட்கும் தகப்பன்,
அருள்நாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை தேடும்போது அம்மா இதை எடுத்து, அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்த கனகத்துக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டாள். 'நல்ல மனசு' வந்த இடத்தில் கனகம் அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. "அண்ணே, சிஸ்டருக்குப் போய் பொய் எழுதாதீங்க. நான் எங்க மனசு எளகினேன்? இவரு பஸ்ல கேட்டுகினு வந்து சபதத்தச் சொன்னாரு. சகாயமேரி நேர்ச்ச எப்படி நடக்குது பாக்கலாம்னுதான் வயிறு முட்டப் போட்டேன். வட பத்தாதுன்னுதான் பாயாசமும் வச்சேன்." அம்மா அசரவில்லை. "தெரியும்டி. பாயாசம்னு சாமியம்மா சொன்னப்பவே தெரியும். என்னைய நெனச்சிகினே இவ்ளோ சமைக்க வேற யாரு கீறாங்க? அதான் கூப்ட்டேன்" என்றாள். ஆகையால் மேலே நான் உருகி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். தீர்ப்பும் வேண்டாமாம், ரெண்டு பேரும் சேர்ந்து செல்லும் என்று முடிவு செய்துவிட்டார்கள். நேற்று கனகம் பழைய அதே தூக்கில் பாயசம் கொடுத்தனுப்பினாள். என்ன போட்டுத் திருப்பலாம் என்று நான் கேட்டதற்கு, அம்மா அதைக் கழுவித் துடைத்து, குள்ளஞ்சாவடிக்குப் போகிற பெட்டியில் வைத்துவிட்டாள். "வேணும்னா அவளே வந்து வாங்கிகினு போவட்டும். வர்றவ சாப்பிடாமயா போவா?"